ஞாயிற்றுக்கிழமை கலெக்டர்

தென்றலுக்கு ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் அது அவள் வயிற்றில் தங்காது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். வாரம் முழுக்க ஊரார் குறைகளை ‘மேற்படி’, ‘பணிவுடன்’ என்று தட்டித் தட்டி அலுத்துப்போனவளுக்கு வெள்ளிக்கிழமை சினிமா ஒன்றுதான் ஆறுதல். படம் விட்டதும் தியேட்டர் வாசலிலேயே நின்று வாட்ஸ்அப் குரூப்புக்கு வாய்ஸ் நோட் போட்டுவிடுவாள். நூற்றிருபது பேர் அதற்காகவே காத்திருப்பார்கள். போன வாரப் பேய்ப் படத்துக்கு, “பேய் வரும்போதெல்லாம் கொட்டாவி வருதுப்பா, அந்தப் பேய்க்கே தூக்கம் ஜாஸ்தி போல” என்றாள். அதற்கு முந்தின வாரத்து அடிதடிப் படத்துக்கு, “நாப்பது பேர அடிக்கிறான், சட்டையில ஒரு சுருக்கம் இல்ல. இஸ்திரி போட்டவருக்குத்தான் அவார்டு குடுக்கணும்.” அவளுடைய சித்தி மகன் கோபி கடையில் ஜெராக்ஸ் எடுப்பவன். படத்துக்குத் துணையும் அவன்தான்.

இந்த வெள்ளிக்கிழமைப் படத்துக்கு எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், அந்தக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே சில காட்சிகள் எடுத்தார்கள். அன்றைக்கென்று பார்த்து தென்றல் கடையைப் பூட்டிவிட்டுச் செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஹீரோ அவள் கடை வாசலில் நின்று டீ குடித்தான் என்று கேள்விப்பட்டு ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

படத்தில் ஹீரோதான் கலெக்டர். அவனுக்குப் பின்னால், குறுக்குப் பட்டை போட்ட தபேதார் வேஷத்தில் ஒரு காமெடியன். வரிசையில் நிற்கும் கிராமத்துப் பொம்பளை ஒருத்தி கலெக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் பேசிக்கொண்டே போகிறாள். முதுகுதான் தெரிகிறது. கலெக்டர் வசனம் மறந்தவன் மாதிரி முழிக்கிறான். அவள் கொடுத்து அவன் கையிலிருந்த காகிதங்களைத் தபேதார் பிடுங்கி, வடை தின்ற எண்ணெய்க் கையை அதில் துடைத்து, கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். தியேட்டர் அதிர்ந்தது. “ஐயோ, செத்தேன்டா!” என்று தென்றல் கோபியின் தோளில் ஓங்கி அடித்துச் சிரித்தாள்.

அப்போது அந்தப் பொம்பளையின் முகத்தைக் காட்டினார்கள். காசியம்மாள்.

தென்றலுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் காசியம்மாள். கடலைக்காய் பறிக்கப் போய்ப் பிழைப்பவள். புருஷன் கருப்பன் செத்த பிறகு அவன் பேரில் இருந்த வீட்டுமனைப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டுப் போன வருஷம் மனு எழுத வந்தாள். கொழுந்தனார் மகன் வேணு அந்த மனை தன்னுடையது என்று மல்லுக்கு நின்றான். ஒரு சனிக்கிழமை டைப் அடித்துக் கொடுத்து, “திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல குடு பெரிம்மா. ரசீது வாங்காம வராத” என்று படித்துப் படித்துச் சொன்னாள் தென்றல்.

அந்தத் திங்கட்கிழமை காசியம்மாள் வந்து, “நேத்தே குடுத்துட்டேன் பாப்பா. ஊருக்கே வேன் வந்துச்சி. மனுவோட வாங்க, சோறும் போடுறோம்னு கூட்டினு போனாங்க. கலெக்டரு கையிலயே குடுத்தேன், பட்டாவையும் சேத்து” என்றாள். ஷூட்டிங் பார்க்க முடியாத எரிச்சலில் இருந்த தென்றல் பாதிதான் காதில் வாங்கினாள். “ஞாயித்துக்கிழமை எந்தக் கலெக்டர் மனு வாங்குறாரு? ரசீத தொலைச்சுட்டு கத விடுறியா?” என்று எரிந்து விழுந்தாள். ஷூட்டிங் கூட்டத்துக்கு ஆள் பிடித்த ஏஜெண்ட் ‘மனுவோட’ என்று சொன்னால், காசியம்மாள் நிஜ மனுவோடுதானே போவாள்! இந்தச் சின்ன விஷயம் ஒரு வருஷமாகத் தன் மண்டையில் ஏறவில்லையே என்று தென்றலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலுக்கு வந்ததும் போனை எடுத்தாள்.

“எவன்டா அந்த டைரக்டரு? அது நடிப்பு இல்லடா. அந்தம்மா நெசமாவே கெஞ்சுது. அது நெசமான பட்டா. அதுல எண்ணெய்க் கைய தொடைக்கிறான், நீங்க விசிலடிக்கிறீங்க. தூ! நீங்கல்லாம் சோறுதான் துன்றீங்களா?”

பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. “காமெடிய காமெடியா பாருக்கா.” “படமே அந்த சீன்லதான் நிக்குது.” “அக்காவுக்கு இன்னைக்கி மூடு சரியில்ல.” ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க அவளுக்கு உடம்பு தகித்தது.

“நீயும்தானக்கா சிரிச்ச. என் தோளு இன்னும் எரியுது” என்றான் கோபி.

“வாய மூட்றா!” என்று கத்தினாள். பைக் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை போஸ்டரில் இருந்த நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் போட்டாள். அந்தக் காகிதங்கள் எங்கே என்று கேட்டதற்கு நாலு பேர் மாறி மாறிப் பேசினார்கள். கடைசியாக ஒருவன், “ஷூட்டிங் குப்பையெல்லாம் அன்னிக்கே கொளுத்திடுவோம் மேடம்” என்று சொல்லிவிட்டு வைத்தான். குப்பையாம்! தென்றல் போனைச் சுவரில் அடிக்கப் போய், அது தன் போன் என்பதால் விட்டாள்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் காசியம்மாள் வந்து நின்றாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

“நான் சொன்னப்ப நம்பலியே பாப்பா! கலெக்டரு என் மனுவ வாங்குறத சினிமாவுலயே காட்டுறாங்களாம். ஊரே பாத்துட்டு வந்து சொல்லுது. வேணு அஸ்திவாரம் தோண்டிட்டான். வாடா சினிமாவப் பாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே கலெக்டரே வாங்கலன்னு சொல்ல முடியுமா?”

ஒரு வருஷமாக இன்னொரு மனு கொடு என்று தென்றல் தலைதலையாய் அடித்துக்கொண்டும் அவள் கேட்டதில்லை. பெரியவர் கையில் கொடுத்ததை நம்பாமல் திரும்பக் கொடுத்தால் மரியாதையாக இருக்குமா என்பாள்.

“பெரிம்மா, உக்காரு. அவரு கலெக்டர் இல்ல. சினிமா நடிகன்.”

“போலீசு நின்னுச்சே?”

“அதுவும் வேஷம்தான்.”

“வெளக்கு வெச்ச காருல வந்தாரே?”

“வாடகைக் காரு.”

“கைய புடிச்சி, பாத்துக்கிறேம்மான்னு சொன்னாரே பாப்பா.”

அந்த நடிகனை இழுத்து வந்து இந்த ஸ்டூலில் உட்கார வைத்து, நீயே சொல்லுடா என்று கேட்கவேண்டும் போலத் தென்றலுக்கு ஆத்திரம் வந்தது. காசியம்மாளின் முகத்திலிருந்து சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

“பட்டா?”

“கொளுத்திட்டாங்களாம்.”

காசியம்மாள் எதிரே இருந்த பெரிய கட்டடத்தைப் பார்த்தாள்.

“அதான் எங்கிட்ட சொல்லும்போது ஊருல எல்லாரும் வாயப் பொத்திக்கினு சிரிச்சாங்களா? சினிமா கொட்டாயிலயும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“நீ?”

கோபி ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினான். இல்லை என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். தென்றல் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“நானும் சிரிச்சேன் பெரிம்மா. நீன்னு தெரியாம சிரிச்சேன்.”

“யாருன்னு தெரிலன்னா சிரிக்கலாமா?”

திட்டுவாள், அழுவாள் என்று தென்றல் காத்திருந்தாள். காசியம்மாள் ஸ்டூலை கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எழுது. பட்டா இந்த மாதிரி போச்சின்னு எழுது. சாட்சி யாருன்னு கேப்பாங்களா?”

“கேப்பாங்க.”

“பாத்துட்டு சிரிச்சவங்க அத்தினி பேரும் சாட்சிதான். மொதல்ல உன் பேரப் போடு.”

தென்றல் ‘சாட்சிகள்’ என்று அடித்து, கீழே ஒன்று என்று எண் போட்டுத் தன் பெயரை அடித்தாள். காசியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பக்கத்துலயே, சிரிச்சவள்னும் போடு” என்றாள்.

போட்டாள்.