சம்பந்தி வைத்த ஆட்டுத்தலை

ரயில் சிம்கென்ட் வந்து சேரும்வரை சாபித்தின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வடக்கே பவ்லதாரில் டிராம் ஓட்டுபவர். கஜாக்கியராகப் பிறந்தும் இத்தனை காலம் ரஷ்ய மொழியிலேயே பிழைத்துவிட்டார். மகள் தோமிரிஸைக் கொடுக்கப்போகும் வீட்டிலோ கஜாக் தவிர வேறு பேச்சில்லை. விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். கஜாக்கில் 'உங்க', 'இருந்து' எல்லாம் சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டும்; அப்படி வால் ஒட்டும் வித்தையை மகள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"அப்பா, 'வீடு'தான் எஞ்சின். 'உங்க' முதல் பெட்டி. 'இருந்து' கடைசிப் பெட்டி. மாத்தி மாட்டினா தடம் புரண்டுடும்."

"என் டிராம்ல ஒரே பெட்டிதான்டி."

சிரித்தாலும் உள்ளூர உதறல்தான். உளறினால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள். தான் ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு மகளோடு அங்கேயே குடியிருக்கும்.

விருந்தில் பேச்சு ஒருவழியாக முடிந்தது. இரண்டு இடத்தில் பெட்டி மாறிப்போனது. சம்பந்தி ஒராஸ்பெக் கண்டுகொள்ளவே இல்லை. "வடக்கத்திக்காரருக்கு இவ்வளவு வந்ததே பெரிசு" என்று மாப்பிள்ளையின் அத்தை மெச்சினாள். சாபித்துக்குப் போன உயிர் திரும்பியது. அந்தப் பூரிப்பில், மரியாதைக்காகத் தன் முன்னே வைத்த வெந்த ஆட்டுத்தலையை இழுத்து, காதின் மேல் கத்தியை வைத்துவிட்டார்.

மெச்சிய அத்தையே எடுத்த கறித்துண்டைத் தட்டில் போட்டுவிட்டாள்.

ஒராஸ்பெக் நெஞ்சில் கை வைத்தார். "சம்பந்தி... பெரியவர் தவறிட்டாரா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

சாபித்தின் மனைவி ரைகுல் கணவரின் தொடையைக் கிள்ளினாள். அப்பா உயிரோடிருக்க, ஆட்டுத்தலையில் மகன் கத்தி வைப்பதில்லை என்பது கஜாக் வழக்கம். வீட்டில் எப்போதும் அப்பாதான் அறுப்பார். காதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். சொல்லின் வாலைப் பிடித்த கவனத்தில் சாபித் தலையைக் கோட்டைவிட்டிருந்தார்.

"ஐயையோ, இல்ல சம்பந்தி! எங்கப்பா குத்துக்கல்லு மாதிரி இருக்காரு. பொண்ணுக்கு நல்ல வீடு அமைஞ்ச சந்தோஷத்துல எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. உங்க பெரியப்பா கையால அறுக்கட்டும்."

எந்தப் பெட்டியையும் மாட்டிப் பார்க்காமலே வந்துவிட்ட கஜாக் பேச்சு அது. அவருக்கே அது உறைக்கவில்லை. தட்டை, மேசையின் தலைமாட்டில் இருந்த அந்தப் பெரியப்பா கிழவர் பக்கம் திருப்பி வைத்தார். கூடமே சிரித்தது, ரைகுல்தான் முதலில் சிரித்தாள்.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே காதை அறுத்து நீட்டினார்.

"அப்பா இருக்கிறவன் இன்னும் பிள்ளைதானடா. இந்தா, தின்னு."

ஐம்பது வயது டிராம் ஓட்டுநர் இரண்டு கைகளாலும் வாங்கி, மோவாயில் கொழுப்பு வழிய, நறுக் நறுக்கென்று கடித்தார்.