ஒரு இழுப்பில் ஒடிந்த கை

அந்த வருடம், 1983 மாசியில், எழுமலைப் பக்கம் பருத்தி வெடித்துக் கிடந்த நேரத்தில், காளை தன் மனைவி சோலையம்மாளின் கையை ஒடித்துவிட்டான். ஊர் அப்படித்தான் சொன்னது. அவனும் அப்படித்தான் நம்பினான்.

இரண்டு மாதமாகவே அவள் அசதி என்று சுருண்டு படுத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை பருத்திக் காட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் பாயை விட்டு எழவில்லை. “எந்திரிடி” என்று கையைப் பிடித்து இழுத்தான். ஓங்கிக்கூட இழுக்கவில்லை. மேல்கைக்குள் முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். விவரம் கேட்டு ஓடிவந்த அவள் அண்ணன் உக்கிரபாண்டி, ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் காளையை அறைந்தான். காளை கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. இன்னொன்று விழுந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

“அடிச்சீங்களா?”

“இல்லைங்கய்யா. இழுத்தேன். நாந்தான் ஒடிச்சேன்.”

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “பாருங்க, எலும்பு செல்லரிச்ச மாதிரி இருக்கு. பச்சப்புள்ள இழுத்திருந்தாலும் ஒடிஞ்சிருக்கும். மார்ல கட்டி வந்து ஒரு வருசமாச்சாம். வெக்கப்பட்டுச் சொல்லாம இருந்திருக்காங்க. புத்துநோய். எலும்புக்கும் பரவிருச்சு.”

“கட்டுப் போட்டாச் சேராதாய்யா?”

“சேராது. எலும்புக்குள்ள கம்பி குடுப்போம். வலி குறையும், கையை அசைக்கலாம். இருக்கிற வரைக்கும் அவங்க சோத்த அவங்களே அள்ளிச் சாப்பிடலாம்.”

“எம்புட்டு நாளைக்குய்யா?”

“ஆறு மாசம் இருந்தாப் பெருசு.”

மாடிப்படியில் நின்றிருந்த உக்கிரபாண்டியிடம் காளை அதைச் சொன்னான். உக்கிரபாண்டி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

“அடிச்சுத்தான் ஒடிச்சேன்னு சொல்லு மாப்ள. நான் உன்னைய ஒண்ணும் செய்ய மாட்டேன். சொல்லு.”

“இழுக்கத்தான் செஞ்சேன் மச்சான்.”

உக்கிரபாண்டி படியிலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதான். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

தோள் பக்கம் கீறி, எலும்பின் நடுத்துளை வழியாக முழங்கைக்குச் சற்று மேல் வரை நீளமான எஃகுக் கம்பியை இறக்கினார்கள். பத்தாம் நாள் சோலையம்மாள் காப்பி டம்ளரைத் தானே வாய்க்குக் கொண்டுபோனாள். முகம் தெளிந்திருந்தது.

“அவரத் திட்டாதண்ணே. வேணும்னேவா இழுத்தாரு?” என்றாள். பிறகு காளையைப் பார்த்து, “அடுத்த பருத்தி எடுப்புக்கு நானும் வாரேன்” என்றாள்.

அவன் தலையாட்டினான். உக்கிரபாண்டி எழுந்து வெளியே போய்விட்டான்.

வைகாசியில் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. திரும்பிப் படுக்கவும் முடியவில்லை.

“மறுபடி மதுரைக்குப் போவமா? இதுக்கும் கம்பி குடுப்பாங்கள்ல?” என்று கேட்டாள்.

“குடுப்பாக. திங்கக்கிழமை போவோம்” என்றான் காளை.

அந்தத் திங்கள் போயிற்று. அடுத்ததும் போயிற்று. பிறகு அவள் கேட்கவில்லை. ஆனி முடிவதற்குள் இறந்துபோனாள்.