செத்தா என்றொரு படைப்பிரிவு

சோவியத் நாட்டில், கீவில் நாலு வருடம் பொறியியல் படித்த இரவீந்திரனுக்கு, சுவிஸின் பாடன் நகரில் கிடைத்தது உணவகமொன்றில் சட்டி கழுவும் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் அவன் வேறு ஆள். சவரம் செய்து, அயன் பண்ணின சேர்ட் போட்டுக்கொண்டு மிலெனா வீட்டுக்குப் போவான்.

மிலெனா, சோவியத் படை நுழைந்த அறுபத்தெட்டாம் ஆண்டில் செக் நாட்டை விட்டு ஓடிவந்தவள், மொழிபெயர்ப்பாளர். ஸ்லாவிய மொழிகளில் இராணுவப் பிரிவுகளுக்கு என்னென்ன பெயர், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஒரு பதிப்பகத்துக்காகத் தொகுத்துக்கொண்டிருந்தாள். ரஷ்யச் சொற்களும் தட்டச்சும் இரவீந்திரனின் பொறுப்பு. "ஹெர் இஞ்சினியர்", பொறியியலாளர் ஐயா, என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். அந்த நாட்டில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

எண்பத்தேழு பங்குனியில் ஒருநாள் மனைவி சிவமலரும் கூடப் போனாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. கூட வேலை செய்த யூகோஸ்லாவியப் பெண்களோடு கதைத்துக் கதைத்தே செர்பிய மொழி வந்துவிட்டது. அந்த ஊரின் ஜெர்மன் மொழியான டொச் கூட அவளுக்கு அவ்வளவு வரவில்லை.

மேசையில் கிடந்த, செர்பியச் சொல்லெழுதிய ஒரு அட்டையைப் பார்த்து அவள் தயங்கினாள்.

"இஞ்சருங்கோ, இது பிழையெல்லோ. செத்தா எண்டால் முப்பது பேர் எண்டு போட்டிருக்கு."

"செக்கில அப்பிடித்தான். செர்பியனிலயும் அதுதானே. உமக்கென்ன தெரியும்?"

"என்னோட வேலை செய்யிற லுபிசான்ர மகன் ஆமியில. அவன்ர கடிதத்தை வாசிச்சவ செத்தா, செத்தா எண்டா. ஆரோ செத்துப்போச்சினமாக்கும் எண்டு நான் அழவே வெளிக்கிட்டன். பிறகுதான் சொன்னா, அது நூறு பேருக்கு மேல உள்ள பிரிவாம். முப்பது பேர் எண்டால் அது வோட்."

மிலெனா அதை டொச்சில் கேட்டு வாங்கி, பழைய புத்தகமொன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் தட்டிச் சிரித்தாள். "இனி ஒவ்வொரு சனியும் நீங்களும் வாருங்கள், செர்பிய அட்டைகள் உங்கள் பொறுப்பு" என்றாள்.

அன்றிலிருந்து சிவமலருக்குத்தான் முதல் கோப்பி. மிலெனா செக்கில் ஒன்று சொல்ல, இவள் செர்பியனில் ஒன்று சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேசையின் மற்றக் கரையில் இரவீந்திரன் தட்டச்சுப் பொறியைப் போட்டு அடிப்பான். எட்டாம் வகுப்போடு நின்றவள், ஊத்தைத் துணி தோய்க்கிற இடத்தில் பொறுக்கின பாஷைக்கா இந்த மரியாதை என்று அவனுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் அவள் வைத்த கறியில் உப்பில்லை என்றான். உப்பு இருந்தது.

கடைசிப் பிரதியை அவன் தனியே இருந்து அடித்தான். அவளுடைய அட்டையில் செத்தா, நூற்றிருபது என்று இருந்தது. அவன் முப்பது என்று அடித்தான். அடித்த தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு உறையில் போட்டான்.

மூன்று கிழமையில் பதிப்பகத்திலிருந்து, செர்பியப் பகுதியை நம்ப முடியாதென்று ஏளனமாக ஒரு கடிதம் வந்தது. மிலெனா சிவமலரின் கையைப் பிடித்து, செர்பியப் பகுதியை சூரிச்சில் ஒரு மாணவனிடம் கொடுக்கப்போவதாக மெல்லச் சொன்னாள். எந்தச் சொல் பிழை என்று கடிதத்தில் இல்லை. அவளை நோகடிக்கக் கூடாதென்று மிலெனாவும் அட்டைகளைத் தோண்டிக் கேட்கவில்லை.

ரயில் நிலையத்தில் சிவமலர் சொன்னாள்: "நான்தான் எங்கையோ பிழையா விளங்கியிருக்கிறன். உங்களுக்கும் வெக்கக்கேடு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவள் ஏசியிருந்தால் அவன் பேசாமல் இருந்திருப்பான். மன்னிப்புக் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

"நீர் எழுதினது சரி. நான்தான் மாத்தி அடிச்சனான்."

"ஏன்?"

"அவ உம்மோட சிரிச்சா."

வந்த ரயிலில் சிவமலர் ஏறவில்லை. "வாங்கோ, போய் இதை அவவுக்குச் சொல்லுங்கோ" என்று முன்னால் நடந்தாள்.

வாசலில் நின்றபடியே அவன் சொன்னான். மிலெனா ஹெர் இஞ்சினியர் என்று சொல்லாமல், பெயரைச் சொல்லி, இனி வரவேண்டாம் என்றாள். சிவமலரை உள்ளே கூப்பிட்டாள்.

சிவமலர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

அவன் லிம்மாத் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு, ஆறடிக்க முதலே வந்து படிக்கட்டில் நின்றான். மேலே இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. வயிறு பழையபடி எரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கி வரும்வரை நின்றான்.