நீலக்கோட்டுக்கு உள்ளே

சோப்பு நுரையோடு கைகளைத் தேய்த்தபடி அவள் மனத்துக்குள் இருபது வரை எண்ணினாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பினால், கணவர் ஜன்னலோர நாற்காலியில் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, மார்க் ஷீட்டை நீட்டப்போகும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து இன்றோடு பத்தொன்பது நாள். தினமும் அவர் குளித்த பிறகு காயத்தைப் பார்ப்பது அவள் வேலை. பவுடர் கூடாது, எண்ணெய் கூடாது, தொடவும் கூடாது. பார்க்க மட்டும்தான்.

அவள் தையல்காரி. "டாக்டர் தையல் பரவாயில்ல. வந்தார்னா என் மிஷின்ல உக்கார வெச்சுக்கலாம்" என்பது தினப்படி கேலி. இன்றைக்கு அது வாயில் வரவில்லை. காயத்தின் கீழ்முனையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. நேற்று இல்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் வாத்தியார் நினைவுக்கு வந்தார். வீட்டுக்குப் போனவர், காயத்தில் சீழ் பிடித்துத் திரும்பி வந்தார். மறுபடியும் நெஞ்சைத் திறந்தார்கள். அவருடைய மனைவி வராந்தாவில் வெறும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருந்தது.

குனிந்து உற்றுப் பார்த்தாள். காயத்தின் இரண்டு பக்கமும் முள்முள்ளாக வளர்ந்திருந்த முடியைக் காணோம். தோல் வழவழவென்று இருந்தது.

"என்னங்க, முடி எங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"அரிச்சுதும்மா. ரெண்டே இழுப்பு. புது பிளேடுதான்."

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் மெஷினால் அவர் நெஞ்சு முடியைக் கத்தரித்தபோது, முப்பது வருஷம் சவரக்கத்தி பிடித்தவருக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. கத்தி பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், கிருமி அதன் வழியாகத்தான் உள்ளே போகும் என்று நர்ஸ் சொன்னாள். தலையை ஆட்டினாரே தவிர, அதெல்லாம் மற்றவர்கள் கைக்குச் சொன்னது என்றுதான் எடுத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தன் கன்னத்துல கீறல் போட்டிருக்கேனா?"

"ஊரான் கன்னம் போனா எனக்கென்ன? இது ஒண்ணுதான் எனக்கு இருக்கு!"

அவர் தலை குனிந்துகொண்டார்.

அவள் வார்டுக்கு போன் போட்டு, சிவந்திருப்பதையும் அவர் சவரம் செய்ததையும் சொன்னாள். சிவப்பைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு உடனே வரச் சொன்னார்கள். துணியில் சாக்குக்கட்டியால் எத்தனையோ ஆயிரம் கோடு போட்ட கை. காயத்தைத் தொடாமல் ஒரு வட்டம் போட மூன்று தடவை நிறுத்தித் தொடர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு மெதுவாக அழுத்திப் பார்த்தாள். பஞ்சுக்குச்சியால் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். டாக்டரும் வந்து பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார்.

"சீழ் இல்ல, காய்ச்சலும் இல்ல. இப்போதைக்கு மேல்தோலோடதான் இருக்கு" என்றாள் நர்ஸ். "சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, நீர் கசிஞ்சாலோ, காய்ச்சல் அடிச்சாலோ எந்த நேரமானாலும் வந்துடுங்க. ஐயா, நீங்க பண்ணது தப்பு. ஆனா மறைக்காம சொன்னீங்க பாருங்க, அது நல்லது."

"நான் எங்க சொன்னேன்? இவ பிடிச்சுட்டா" என்றார் அவர். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

திரும்பும் வழியில் வண்டியில் அவர் மெல்லக் கேட்டார்: "ரொம்ப பயந்துட்டியா?"

"இல்ல, சந்தோஷத்துல குதிச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் சவரப்பெட்டியை எடுத்துத் தையல் மிஷின் டிராயருக்குள் வைத்தார். பூட்டிச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பத்து விரல்களையும் அவள் முன்னால் நீட்டினார்.

"நகத்தையும் வெட்டி விட்டுடு. தூக்கத்துல அரிச்சா என் கையை நம்ப முடியாது."

யார் தலையையும் தன் விருப்பத்துக்குத் திருப்பி முடி வெட்டிய கை, அவள் மடியில் சாதுவாகக் கிடந்தது. ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல் வெட்டினாள். முடிந்த பிறகும் இரண்டு பேரும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சிவப்பு அப்படியே இருந்தது. பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, அவள் கை கழுவி இருபது எண்ணிவிட்டு வந்தாள். அவர் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

"என்னடி, சத்தத்தையே காணோம்?"

"பேசாம இருங்க, அளந்துக்கிட்டிருக்கேன்."

ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். நீலக்கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில், சுற்றிலும் ஒரு நூல் அகலத்துக்கு, அவருடைய சொந்த நிறத்தில் தோல் தெரிந்தது.