தலையைத் தூக்கிப் பிடி

...குனியாதே, குனியாதேடி என் தாயே, இன்னும் கொஞ்ச தூரம்தான், அந்த வெள்ளை வேலியைத் தாண்டிவிட்டால் அப்புறம் நீ விழுந்து புரண்டாலும் கேட்க ஆளில்லை, ஆனால் கேட்கிறாளா, கழுத்தை நீட்டி நீட்டி மூக்கைத் தரைக்குக் கொண்டுபோகத்தான் பார்க்கிறாள், நான் தாடைக்கு அடியில் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து முழங்கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நடக்கிறேன், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது... ஓடி முடித்த குதிரை தலையைத் தொங்கப்போடத்தான் செய்யும், தொங்கப்போட்டால்தான் நுரையீரலில் கசிந்த ரத்தம் வழிந்து வெளியே வரும், மூச்சு லேசாகும், குதிரை பழக்கியே தலை நரைத்தவனுக்கு இது தெரியாதா, தெரிந்துதான் தூக்கிப் பிடித்திருக்கிறேன். மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தால் போதும், வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற பந்தய டாக்டர் எழுந்து வந்துவிடுவார். போன வருஷம் ஒரு தடவை அப்படி வந்து, மாசக்கணக்கில் ஓடத் தடை. இன்னொரு தடவை வந்தால் ஆயுசுக்கும் தடை. முதலாளி அன்றைக்கே இவளைக் கைகழுவிவிடுவார், ஓடாத குதிரைக்கு எதுக்குய்யா தீனின்னு என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்தானே... அப்புறம் யார் வாங்குவான், எதற்கு வாங்குவான், அதை மட்டும் நான் நினைக்க மாட்டேன்.

என்னதான் செய்யவில்லை நான்? வைக்கோல் தூசி ஆகாது என்றார்கள், வைக்கோலை வாரிக் கொட்டிவிட்டுக் காகிதத் துண்டுகளைப் பரப்பினேன், புல்லை நனைத்துப் போட்டேன், லாயத்தைக் கூட்டும்போதெல்லாம் இவளை வெளியே மரத்தடியில் கட்டினேன், ஓய்வு கொடு என்றார்கள், கொடுத்தேன், காலையில் மெதுவாக ஓட்டு என்றார்கள், ஓட்டினேன், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், நானும் பைத்தியக்காரன் மாதிரி எல்லாவற்றையும் செய்தேன். கடைசியில் ஏன் சார் இப்படி ஆகுதுன்னு இதே டாக்டரிடம் போய் நின்றால் மனுஷன் சிரிக்கிறார். இவ்வளவு வேகமா ஓடுற குதிரைக்கு உள்ள இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் குழாய் தாங்காதுங்க, முக்கால்வாசி குதிரைக்குக் கொஞ்சமாவது கசியும், முழுங்கிடும், வெளிய தெரியாது அவ்வளவுதான், என்கிறார். அப்போ தடை எதுக்கு சார்? மூக்குல வந்தாத்தாங்க தடை. கேட்டீர்களா கதையை! உள்ளே குளம் கட்டி நின்றாலும் கணக்கில் கிடையாது, வெளியே எட்டிப் பார்த்தால்தான் குற்றமாம். என்ன எழவு சட்டமோ. உள்ளே இருப்பது எவனுக்கும் வேண்டாம் என்றால் நான் மட்டும் எதற்கு அதை வெளியே விட வேண்டும்?

இவள்தான் இப்படிப் படுத்துகிறாள் என்றால் என் மகள் அதற்கு மேல். இவள் மேல் ஏறி ஓட்டுவது அவள்தான், இன்றைக்கு ரெண்டாவதாக வந்தார்கள், கடைசித் திருப்பம் வரைக்கும் முதலில் இருந்தவர்கள். இறங்கியதும் இறங்காததுமாக என் காதோரம் வந்து, அப்பா, திருப்பத்துலயே முழுங்க ஆரம்பிச்சிட்டா, எனக்குக் கால்ல தெரிஞ்சுது, அதுக்கப்புறம் அவளுக்கு மூச்சே இல்லப்பா, என்றாள். சுற்றிலும் ஆட்கள். வாய மூடிட்டுப் போய் எடை போடுடி, என்று பல்லைக் கடித்தேன். அப்படியே அவள் அம்மாவைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தயம் முடிந்ததும் ஓட்டினவர்களை நிறுத்துப் பார்க்கிற எடைக்கூடத்துக்குச் சேணத்தோடு போய்விட்டாள். அவள் அம்மா பந்தயம் பார்க்க வந்ததே இல்லை, காலையில் வாசல்வரை வந்து, ரெண்டு பேரையும் பத்திரமா கூட்டிட்டு வாங்க, என்பாள், ரெண்டு பேர் என்றால் மகளும் குதிரையும், நான் எக்கேடோ கெட்டால் சரி. மூச்சே இல்லப்பா... மூச்சு இல்லாத குதிரை அந்த வேகத்தில் காலை மடக்கினால், பின்னால் வருகிற அத்தனை குதிரைகளும்... சே, வாயைக் கழுவு. ஒன்றும் ஆகவில்லையே, வந்துவிட்டார்களே, ஆகாததை எதற்கு இப்போது நினைக்கிறேன்?

டாக்டர் எழுந்துவிட்டார். வருகிறார். அண்ணாந்து ஒரு மூக்குத் துவாரத்தைப் பார்த்தார், சுற்றி வந்து இன்னொன்றைப் பார்த்தார், அந்த நேரம் பார்த்து இவள் முழுங்கினாள், கழுத்தில் ஒரு உருண்டை மேலிருந்து கீழே இறங்கியதை நான் பார்த்தேன், அவரும் பார்த்திருக்க வேண்டும். ஏன் தலையை இவ்வளவு தூக்கிப் பிடிச்சிருக்கீங்க? கடிக்க வர்றா சார், என்றேன். கடிக்கிறாளாம்! மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாத ஜென்மம், அதன் மேல் இப்படி ஒரு பழி. அவர் என்னைப் பார்த்தார். சரி, போங்க, என்றார். அவ்வளவுதான். தப்பித்தோம். தப்பித்தோம் என்றால் சந்தோஷம்தானே வர வேண்டும், எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை, கயித்த விடுங்க பாக்கலாம் என்று அந்த ஆள் இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, படித்த மனுஷன், இதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்...

லாயத்து வாசலில் முதலாளி பல்லெல்லாம் தெரிய நிற்கிறார், அதற்குள் மகளும் எடை போட்டுவிட்டு வந்து நிற்கிறாள். டாக்டர் ஒண்ணும் சொல்லலையே? அப்போ நல்லாயிடுச்சு, நான்தான் சொன்னேன்ல, அடுத்த மாசம் அந்தப் பெரிய பந்தயத்துக்குப் போட்டுடுவோம், தூரம் கொஞ்சம் அதிகம், பாப்பாவே ஓட்டட்டும், என்ன பாப்பா? பாப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லலாம். முதலாளி, இவ ஓடக் கூடாது, உள்ள ரத்தம் போகுது, என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது... சொன்னால் இவள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் இவள் முதுகில் ஏறப்போவது என் பெண். பாத்துக்கலாங்க, என்றேன். என் வாய்தான் சொன்னது. முதலாளி என் தோளில் தட்டிவிட்டுப் போனார். மகள் காலணியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

உள்ளே கொண்டுவந்து அரைக்கதவைச் சாத்தினேன். குனிடி, இப்போ குனி, யாரும் பாக்கல, போதும், எல்லாம் வெளிய வரட்டும். குனியவில்லை. கழுத்தை விறைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து மூக்கை நீட்டி, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறாள், உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், முழுங்குகிறாள், மறுபடி முழுங்குகிறாள். இது என்ன கூத்து, இவ்வளவு நேரம் குனிவேன் குனிவேன் என்று என் கையை ஒடித்தவள்தானே? வாளித் தண்ணீரைக் காலருகே நகர்த்தினேன், நனைத்த புல்லை அள்ளித் தரையில் போட்டேன், நெற்றியில் கை வைத்து அழுத்தினேன், அழுத்த அழுத்த இன்னும் மேலே போகிறது தலை. எரிச்சலில் ஒரு அடிகூடப் போட்டுவிடுவேன் போலிருந்தது. கதவுக்கு வெளியே தலை மட்டும் தெரிய எட்டிப் பார்த்து மகள் கத்தினாள், அழுகிற குரலில் கத்தினாள். அப்பா, இன்னும் எதுக்குப்பா இழுத்துப் பிடிச்சிட்டிருக்க, கயித்த விடுப்பா, குனியட்டும் அவ!

நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். கயிறு எப்போதோ என் காலடியில் விழுந்து கிடந்தது.