பெடலை மிதிக்க ஓர் ஆள்

மருத்துவமனையில் அவரைப் படக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர். சினிமாக்காரர் என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு.

அவர் ஓய்வு பெற்ற அதே மாதம், மகளின் பிரசவத்துக்காக மனைவி விமானம் ஏறினாள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. பேத்தி நடக்க ஆரம்பித்தாள், பேச ஆரம்பித்தாள், பிறகு இரண்டாவது குழந்தையும் பிறந்தது. ஆறு மாதம் நான்கு வருடமாகிவிட்டது. யாரும் யாரையும் குறை சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே அதைப் பற்றிப் பேச ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

வீட்டில் பேச்சுக்குரல் இல்லை என்று ஆன பிறகுதான் ஒரு பழைய காரை வாங்கினார். அவரைவிட இரண்டு வயது மூத்த கார். துரு சுரண்டி, தகரம் ஒட்டி, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, தேன் நிறத்தில் பெயின்ட் அடித்து முடிக்க இரண்டு வருடம் பிடித்தது. பழைய பிரேக்கை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார். மனைவி போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "ஓடறது இருக்கட்டுங்க, நிக்குமா?" என்று கேட்டாள். நிற்கும் என்று சொல்லியிருந்தார்.

நிற்கவில்லை. தெருவின் சரிவில் இறங்கும்போது முனையில் கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வந்தாள். படக்காரர் முழு பலத்தோடு மிதித்தார். கார் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. கை பிரேக்கைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் நின்றது. நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். அந்தப் பெண் திட்டவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பார்வையோடுதான் அவர் அன்று சாப்பிட உட்கார்ந்தார்.

அந்தக் காலத்துக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆயில் வழி. எங்கே ஒழுகினாலும் நான்கும் போய்விடும். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், ஆயிலை அழுத்தி அனுப்ப முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழி உள்ள மாஸ்டர் சிலிண்டர், புதுக் குழாய்கள் என்று அத்தனையையும் மாற்றிவிடுவதென்று முடிவு செய்தார். சாமான்கள் ஒவ்வொரு பெட்டியாக வந்தன. கொண்டுவந்தது ஒரு கூரியர் பெண். நாற்பது வயதிருக்கும். தலையில் தொப்பி, வாசலில் எஞ்சின் அணைக்காத வெள்ளை வேன்.

"இதுக்குள்ள அம்மிக்கல்லா சார் இருக்கு?" என்று முதல் பெட்டியை இறக்கும்போது கேட்டாள். அவர் பிரித்து இரும்புத் தட்டைக் காட்டினார். பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் தனக்குக் காட்டியதே இல்லை என்றாள். பெட்டி வராத நாட்களில் அழைப்பு மணி அடிப்பதில்லை என்பதைப் படக்காரர் அப்போதுதான் கவனிக்க ஆரம்பித்தார்.

மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் மாட்டி, ஆயிலும் ஊற்றிவிட்டார். இனிக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடும்வரை காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் போன காற்று திரும்ப வந்துவிடும்.

துடைப்பக் கட்டையை அறுத்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துப் பார்த்தார். சக்கரத்துக்கும் சீட்டுக்குமாகப் பதினோரு தடவை நடந்தார். பன்னிரண்டாவது தடவை கட்டை நழுவி ஹாரனில் மோத, தெருவே அதிர்ந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தார். கூட வேலை பார்த்தவர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். எதிர் வீட்டில் மூன்று முறை ஆள் மாறியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தலையசைப்பார், அவ்வளவுதான். ஒரு கதவைத் தட்டி, 'கொஞ்சம் வந்து என் பிரேக்கை மிதிக்கிறீர்களா' என்று கேட்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது மணி அடித்தது. கூரியர் பெண் கையில் கடைசிப் பெட்டி, உபரியாக வரவழைத்த பிரேக் ஆயில். யோசிப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

அவள் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பத்து நிமிஷம்தான் சார். இன்னும் முப்பத்தெட்டு பார்சல் இருக்கு."

வேனை அணைத்துவிட்டு வந்து, ஷூவைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் தரையில் படுத்துக்கொண்டார்.

"மிதிங்க... அப்படியே பிடிங்க... விடுங்க."

ஆயிலோடு கொப்புளங்கள் வந்தன. நடுவில் அவளுக்குப் போன் வந்தது. காலை எடுக்காமலே, "வந்துட்டே இருக்கேங்க, பக்கத்துத் தெருதான்" என்றாள். ஐந்தாறு முறை ஆனதும் உள்ளிருந்து கேட்டாள்.

"எக்ஸ்ரே எடுக்கற மாதிரியே சொல்றீங்களே சார்?"

படக்காரர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, தான் யார் என்று சொன்னார். அவள் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தாள்.

பத்து நிமிடம் அரைமணி ஆனது. அவள் போன பிறகு ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். தலையணையை மிதிப்பது போல இருந்தது. இரண்டு நாள் குழாய் குழாயாகத் தேடி ஒழுகல் எதுவும் கிடைக்காமல், கடைசியில் கண்டுபிடித்தார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதிகளில் வலப்பக்கத்ததை இடப்பக்கமும், இடப்பக்கத்ததை வலப்பக்கமுமாக மாட்டியிருந்தார். மேலே இருக்கவேண்டிய திருகு கீழே போய்விட, காற்று மேலேயே தங்கிவிட்டது. முப்பத்து நான்கு வருடம் ஒவ்வொரு படத்திலும் இடது வலது எழுத்து ஒட்டிய மனிதர். வாய்விட்டுச் சிரித்தார். கார் நிறுத்துமிடத்தில் அந்தச் சத்தம் அவருக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்னார். அவளும் சிரித்தாள். "ஒரு ஆள வச்சுப் பண்ணக் கூடாதா?" என்றாள். ஆள் கிடைத்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சின்னது அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

மாற்றி மாட்டியாகிவிட்டது. மறுபடியும் மிதிக்க வேண்டும், ஆனால் வரவேண்டிய பெட்டி எதுவும் இல்லை. அலமாரியில் ஒரு பாட்டில் பிரேக் ஆயில் இருந்தும் இன்னொன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அவள் கொண்டுவந்தபோது, தப்பு தன்னுடையதுதான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் வேனிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே மிதித்தாள். நான்காவது சக்கரம் முடிந்ததும், "இப்ப கல்லு மாதிரி இருக்கு சார்" என்றாள். இறங்கும்போது, "ரோட்ல நிக்குதான்னு எனக்குச் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் அதே சரிவில் இறங்கி மிதித்தார். கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. பின்னால் வண்டி எதுவும் இல்லாததால் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவிக்குச் செய்தி அனுப்பினார். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று திரும்பி வந்தது.

கூரியர் பெண்ணுக்குச் சொல்ல வழியில்லை. ஒரு வைப்பர் ரப்பருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். வந்தது வேறொருவர். பெட்டியை வாசலில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார். பழைய ஆளைப் பற்றிக் கேட்டதற்கு, வழியை மாற்றிவிட்டார்கள், வேறெதுவும் தெரியாது என்றார்.

மறுநாள் காலை படக்காரர் சவரம் செய்துகொண்டு, ஊரின் விளிம்பிலிருந்த கூரியர் கிடங்குக்குக் காரை ஓட்டிப் போனார். முற்றத்தில் வேன்களில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்ன சார், ஏதாச்சும் பார்சல் வரலையா?"

"புகார் இல்லம்மா. வண்டி நிக்குது. சொல்லச் சொன்னீங்களே."

அவளுக்கு நினைவு வர ஒரு கணம் ஆனது. பிறகு அருகில் வந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நேரா நிக்குதா?"

"நேரா நிக்குது."

"அப்ப நான் மிதிச்சது வீண் போகல." சிரித்தாள். உங்கள் தெரு இனி எனக்கு வராது, ஊரின் மறுகோடிக்குப் போட்டுவிட்டார்கள் என்றாள். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "பாத்துப் போங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வேன்கள் கிளம்பும் நேரம். வழிவிடுவதற்காகப் படக்காரர் காரைக் கேட்டுக்கு வெளியே ஓரமாக நிறுத்தினார். ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் ஒரே வெள்ளை, எல்லாக் கண்ணாடியிலும் காலை வெயில். உள்ளே இருப்பது யாரென்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் கையை உயர்த்தினார். சிலர் பதிலுக்கு உயர்த்தினார்கள். அவற்றில் எது அவளுடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

கேட்டைச் சாத்த வந்த காவலாளி, யாருக்காவது காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, படக்காரர் காரைக் கிளப்பினார்.