சேர்வருக்குள் சந்தனம்

ஆனந்தராஜா அண்ணையின் படம் திரையில் மேலிருந்து கீழாக வரும். நெற்றி வரும், கண்கள் வரும், மூக்கு வரும். வாய் வரவேண்டிய இடத்தில் எல்லாம் நின்றுபோகும். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அவருடைய மனைவி கனகாம்பிகை அக்கா என் கதிரைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார்.

“வல்லி, அவரின்ரை சிரிப்பைக் காணேல்லையே.”

வல்லி நான்தான், முழுப்பெயர் வேதவல்லி. அது 1997. லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டில் நானும் என் சிநேகிதி பியற்றிஸும் அந்தியேட்டி நினைவு மலர்கள் செய்துகொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்து ஆள் எந்த நாட்டில் கண்ணை மூடினாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வந்துவிடும். அன்றைக்கு வருகிறவர்களின் கையில் இறந்தவரின் படம் போட்ட புத்தகம் இருக்கவேண்டும். வடை பிந்தினால் எங்கள் சனம் மன்னிக்கும், புத்தகம் பிந்தினால் மன்னிக்காது. அண்ணையின் பக்கங்கள் புதன்கிழமை அச்சகத்துக்குப் போயாகவேண்டும்.

அக்காவிடம் இருந்த நல்ல படம் அந்த ஒன்றுதான். “மற்றதெல்லாம் விசாவுக்கு எடுத்தது. உர்ரெண்டு நிக்கிறார். அந்த முகத்தோடை அவரை ஆக்களுக்குக் குடுக்க எனக்கு ஏலாது” என்று சொன்னார். ஸ்கான் செய்த கையோடு படத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எங்களை நம்பி ஒரு இரவுகூட விட்டுப்போக மனமில்லை. எனக்கும் அது விளங்கியது.

ஸ்கானர் பின்னறையில் பியற்றிஸின் கணினியோடு இருந்தது. பக்கம் அமைப்பது முன்னறையில், என் கணினியில். நடுவே மாடிப்படிக்குக் கீழே அலுமாரிக்குள், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி. செய்த மலர்கள் எல்லாவற்றையும் அதுதான் வைத்திருந்து இரண்டு பேருக்கும் கொடுக்கும். அதற்குச் சேர்வர் என்று பெரிய பெயர். எழுத்து என்றால் ஒழுங்காகப் போய்வரும். பெரிய படம் என்றால் பாதியில் இணைப்பு அறுந்துவிடும். ஃபிளொப்பிக்குள் அந்தப் படம் கொள்ளாது. ஸ்கானரைக் கழற்றி என் கணினியில் பூட்டிப் பார்த்தோம், அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

பிழை நெட்வேர்க் கார்டுகளில். கணினிகளைக் கம்பியால் தொடுக்கும் அந்தக் கார்டுகளைப் பெயரில்லாத பெட்டியில், மலிவு என்று நானே பார்த்து வாங்கியிருந்தேன். நல்லதாக வாங்கலாம் என்று கடைக்குப் போனால் விலையைக் கேட்டே தலை சுற்றியது.

பியற்றிஸின் தம்பி கிறிஸ்துராஜா அலுவலகங்களுக்கு நெட்வேர்க் போட்டுக் கொடுக்கிறவன். சனிக்கிழமை கோலியர்ஸ் வுட்டிலிருந்து லண்டனைக் குறுக்கறுத்து வந்து, என்னைக் கணினிச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள், பெட்டி பெட்டியாகக் கார்டுகள். நான் பளபளப்பான புதுப் பெட்டிகளின் பக்கம் நடந்தேன். அவன் என்னைத் திருப்பிப் பழைய சாமான் மேசைக்குக் கொண்டுபோனான்.

“ஆரோ கழட்டி எறிஞ்சதை நான் வாங்கிறதோ?”

“எறிஞ்சதில்லை அக்கா, ஒரு கொம்பனிக் கந்தோர் மூடேக்கை கழட்டினது. இது வருசக்கணக்கா ராப்பகலா ஓடியிருக்கு. பழுதாப் போற கார்ட் எண்டால் எப்பவோ போயிருக்கும். எங்கடை சேர்வருக்கும் இந்த இனத்தை நல்லாத் தெரியும். மூண்டும் ஒரே இனமா எடுங்கோ, ஒண்டு கரைச்சல் தந்தால் மாத்திப் போட்டுப் பாக்கலாம்.”

சொன்னது புத்தியில் ஏறியது. ஆனால் சாமானைச் சோதிக்காமல் வாங்கிப் பழக்கமில்லையே. முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு கார்டை வளைக்கப் போனேன். அவன் பதறிப்போய்ப் பறித்தான்.

“ஐயோ அக்கா! இந்தத் தங்க ஓரத்திலை விரல்கூடப் படக்கூடாது.”

மூன்றையும் கொண்டுவந்து சாமித்தட்டில் வைத்தேன். எங்கள் வீட்டில் கார் முதல் கிறைண்டர் வரை அங்கே கும்பிட்டுச் சந்தனம் வாங்காமல் வேலைக்குப் போனதில்லை. கார்டுகளைப் பூட்டி முடித்தபிறகு கணினிப் பெட்டிக்குச் சந்தனம் வைப்போம் என்று நினைத்தேன்.

ஞாயிறு சமையலை முடித்துவிட்டு மூன்றையும் பூட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. முந்தி பாதி முகமாவது வந்தது, இப்போது அதுவும் இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நேரே கிறிஸ்துராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“நல்ல சாமான் எடுத்துத் தந்தீர் தம்பி! குப்பையை என்ரை தலையிலை கட்டிப்போட்டீர். புதன்கிழமை நான் அந்த மனிசிக்கு என்ன பதில் சொல்லிறது?”

அவன் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தான். “சேர்வர் கார்டைக் கழட்டி ஓரத்தை ஒருக்காப் பாருங்கோ அக்கா. நான் லைனிலை நிக்கிறன்.”

அலுமாரிக் கதவைத் திறந்து கார்டை இழுத்தேன். சேர்வருக்குள்ளிருந்து சந்தனம் மணத்தது. அந்தத் தங்க ஓரத்தின் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு, காய்ந்துபோய் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பியற்றிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவள். என் சாமித்தட்டை அதுவரை அவள் தொட்டதே இல்லை.

“நான்தான் வைச்சனான், மேலை கிடந்த ஒண்டுக்கு. காலமை கோயிலாலை வரேக்கை நீ அடுப்படியிலை நிண்டனி. நீ எல்லாத்துக்கும் வைக்கிறனி, இதுக்கு மறந்திட்டாய் எண்டு நினைச்சன். அந்தப் பக்கம்தான் நெத்தி மாதிரி இருந்துது. அண்ணையின்ரை படம் வரவேணும் எண்டு சிலுவையும் போட்டுத்தான் வைச்சனான்.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. தொலைபேசிக்குள் கிறிஸ்துராஜாவும் சிரித்தான். “பென்சில் அழிறப்பராலை மெதுவாத் தேயுங்கோ, போகும்” என்றான். அவனைத் திட்டிய வாயாலேயே மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் பேசாட்டில்தான் அக்கா எனக்குப் பயம்” என்றான்.

நாங்கள் அழிறப்பரும் கையுமாக மாடிப்படிக்குக் கீழே இருக்கும்போது கனகாம்பிகை அக்கா வந்துவிட்டார். கார்டைத் திரும்பப் பூட்டினோம். சின்னப் பச்சை விளக்கு பற்றியது. அக்காவை என் கதிரையில் இருத்திவிட்டுப் படத்தைத் திறந்தேன்.

நெற்றி வந்தது. கண்கள் வந்தன. மூக்கு வந்தது. பிறகு மீசை வந்தது, உதடு வந்தது, முன்பற்களுக்கு நடுவில் இருந்த அந்த நீக்கல்கூட வந்தது. அண்ணை சிரித்தார்.

அக்கா திரையில் அந்த உதட்டை விரலால் தொட்டார். பிறகு தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்.

“சந்தனம் மணக்குது, வல்லி. அவர் போனபிறகு எங்கடை வீட்டிலை இந்த மணமே இல்லை. குளிச்சுப்போட்டுச் சந்தனம் வைச்சுக்கொண்டு வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“அது பியற்றிஸ் வைச்சது அக்கா” என்றேன்.

அக்கா பியற்றிஸின் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அவர் அழுதார், பியற்றிஸும் அழுதாள். நான் அழமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் நடக்கவில்லை. சொந்தபந்தம் இல்லாத ஊரில் பியற்றிஸையும் அவள் தம்பியையும் எனக்குத் தந்த தெய்வம் எந்தக் கோயிலில் இருந்தாலும் அதற்கு நன்றி.

அண்ணை சிரித்துக்கொண்டே புதன்கிழமை அச்சகத்துக்குப் போனார். அன்று பின்னேரம் சேர்வரின் மூடியைப் போட்டுப் பூட்டி, சந்தனக் கிண்ணத்தைப் பியற்றிஸின் கையில் கொடுத்தேன்.

“இந்தா, இனி நீதான் வைக்கவேணும். பெட்டிக்கு மேலை வை.”